தட்டில் ஏறாத பேர்

(லால்குடியில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இசைத்தட்டுக்கும் விடுதலைக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். இருக்கு. பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழு, தன் முதல் ஆல்பத்தின் 14 பாட்டுகளில் 10 பாட்டுகளை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில், லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் பதிவு செய்தது. எந்தப் பாட்டை எத்தனை தடவை பாடிப் பார்த்தார்கள் என்பது வரை குறிப்பு இருக்கிறது. துறைமுக நகரத்துச் சாதாரணப் பையன்கள்தான். ஆனாலும் வரலாறு அவர்களுக்குக் கணக்கு வைத்திருக்கிறது.

அந்த ஸ்டூடியோ அப்போது ஈ.எம்.ஐ. கம்பெனியுடையதாக இருந்தது. இங்கே நாய்ப்படம் போட்ட எச்.எம்.வி. தட்டுகளை விற்றதும் அப்போது அதன் கிளைதான். அந்தத் தட்டில் நம்ம லால்குடியின் பேரும் ஏறியது, ஜெயராமன் அவர்களின் வயலின் வழியாக. அவர் மேதைமையில் எனக்குச் சந்தேகமில்லை. என் கேள்வி வேறு. இதே ஊரில் சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடிச்சவர் பேர் எந்தத் தட்டுல இருக்கு? ஊர் பதிவாச்சு. சேரி?

இந்தக் கேள்விக்கு ஒரு பதிலாக வந்ததுதான் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017-ல் உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லே அதன் பேர். 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. சாவு வீட்டுக் கானாவும் பறையும் சட்டியும் கிதாரோடு சரிசமமா நின்னுச்சு. இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடினார்கள். ஆண்களின் கோட்டையான கானாவை அந்தக் குழுவின் ஒரே பெண்ணான இசைவாணி பாடினார். அந்தப் பாட்டுகள் பதிவாகி, பாடியவர்கள் பேரோடு வெளியே வந்தன.

பதிவானா போதுமா? போதாது. அந்தக் குழுவில் பாடிய அறிவு, 2021-ல் ‘எஞ்சாய் எஞ்சாமி’யை எழுதி, தீயுடன் சேர்ந்து பாடினார். தோட்டக்காட்டில் உழைத்த அவர் பாட்டியின் கதை அதில் இருக்கிறது. அதே ஆண்டு அந்தப் பாட்டைக் கொண்டாடிய ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் முகம் இல்லை. கண்டனம் எழுந்த பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-ல் வெளிப்படையாகச் சொன்னார். குரல் நம்முடையது, அட்டையும் கல்லாவும் யார் கையில்?

ஆகவே, மாணவத் தோழர்களே, உங்க கையில போன் இருக்கு. உங்க தெருப் பெரியவரின் அடியை அவர் சம்மதத்தோட பதிவு பண்ணுங்க. பேர், ஊர், தேதி, அடியின் பேர், எல்லாத்தையும் எழுதி வையுங்க. யாராவது ஒப்பந்தம்னு காகிதம் நீட்டினா, வரிக்கு வரி படிச்சுக் காட்டுங்க.

இன்னொன்னு. ‘இனி ஊருக்குப் பறையடிக்க மாட்டோம்’னு மறுத்ததும் நம்ம போராட்டம்தான். பறையைக் கீழே வச்சவரிடமும் போங்க. ஏன் வச்சார்னு அவர் சொல்வதையும் பதிவு பண்ணுங்க. அந்தக் குரலும் நம் இசை வரலாறுதான்.