முதலில் ஒரே கல்லறை



ஆபத்துக் காலத்தில் விசுவாசத்தில் உறுதியாக நிற்க வேண்டும் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆபத்து உண்மைதான். வீட்டுக்குள் நாலு பேர் கூடி ஜெபித்தால் அதைத் தடுக்கச் சொல்லி மனு கொடுக்கக் கிளம்புகிறார்கள். ஞானஸ்நானம் வாங்கிய பழங்குடியைப் பட்டியலிலிருந்து நீக்கு என்று நாடு முழுக்க இயக்கம் நடத்துகிறார்கள். 1950-ஆம் ஆண்டின் பழங்குடியினர் ஆணையில் மதத்தைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பழங்குடிதான்! அதே ஆண்டு வந்த பட்டியல் சாதியினர் ஆணையில் மட்டும் மத நிபந்தனை வைத்தார்கள். 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. தலித் கிறித்தவர் இன்னும் வாசலில் நிற்கிறார். இதை எதிர்க்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எதிர்க்கப் போகும்போது யாரை நம்பிப் போகப் போகிறோம்? ஆபத்தில் நாம் யார் பக்கம் நின்றோம்?

2008-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆகஸ்டில் ஒடிசாவின் கந்தமாலில் கிறித்தவர் வீடுகளும் கோயில்களும் எரிந்தன. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காட்டுக்கும் முகாமுக்கும் ஓடினார்கள். மதத்தை விட்டால் ஊருக்குள் வா என்று அவர்களுக்கு நிபந்தனை வைத்தார்கள். நாம் இங்கே மெழுகுவத்தி ஏந்தி ஊர்வலம் போனோம். சரி. அதே ஆண்டு மார்ச் மாதம் நம் எறையூரில் என்ன நடந்தது? அன்றைக்கு அது விழுப்புரம் மாவட்டம்; இன்றைக்கு நம் கள்ளக்குறிச்சி மாவட்டம். கந்தமாலுக்கு அழுத கண், எறையூரைப் பார்த்ததா?

செத்தவனைத் தூக்கிப்போகத் தனித் தூம்பா, தனிப் பாதை, புதைக்கத் தனிக் கல்லறை. இதுதான் அந்த ஊர்த் தலித் கிறித்தவர்களின் குறை. இந்த அவமானம் வேண்டாம், சகாய மாதா கோயிலை எங்களுக்குத் தனிப் பங்காக்கிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்கள் யார்? வேற்று மதத்தாரா? இல்லை! அதே ஜெபமாலை சொல்லும் வன்னியக் கிறித்தவர்கள். போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். அவர்களும் வன்னியக் கிறித்தவர்களே. சாதியைக் காப்பாற்றப் போய் இரண்டு குடும்பம் பிள்ளையைப் பறிகொடுத்ததுதான் மிச்சம்.

விசுவாசத்துக்கு இது ஆபத்துக் காலம் இல்லையா? எதிரி மிரட்டும்போது நிற்பது ஒரு வீரம். அதற்குச் சொந்தத் தெருவே தோள் கொடுக்கும். சொந்தத் தெருவே மிரட்டும்போது நண்பன் பக்கம் நிற்க யார் இருக்கிறார்கள்?

பேதுருவே இதில் சறுக்கினார். அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்தார்கள். அவ்வளவுதான், மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். ரோமாபுரிப் பட்டாளத்துக்குப் பயந்தா எழுந்தார்? சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று எழுந்தார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கண்டித்தார். கலாத்தியர் திருமுகத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். உள்வீட்டு விஷயம் என்று பவுல் மூடி மறைக்கவில்லை.

நம் தேவசகாயத்தைப் பாருங்கள். நட்டாலத்து நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மன்னரின் படைக்கே பயிற்சி கொடுத்தவர் டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டி லனாய். அந்த அந்நியரோடு வளர்ந்த சிநேகத்தில்தான் நீலகண்டன் கிறிஸ்துவை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பிறகு எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். மேல்சாதி அதிகாரிகளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. 1749-இல் பிடித்தார்கள். எருமை மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அரண்மனைக்குத் திரும்ப ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள்.

அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தில் 1872-இல் நாம் எப்படிப்பட்ட கோயிலைக் கட்டினோம்? பீடம் ஒன்று, கூடம் இரண்டு, நடுவில் சாதிச் சுவர். 1910-இல் சுவரை இடித்தார்கள். இடித்தது தப்பு என்று வழக்குப் போட்டவர்களும் பூசைக்குப் போகிற கிறித்தவர்கள்தான். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். 2022 மே 15 அன்று தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுப்பதற்கு முன்பே ரோமாபுரி 'பிள்ளை' என்ற சாதிப் பெயரையும் எடுத்துவிட்டது. ரோமாபுரி எடுத்ததை நம் கல்லறைத் தோட்டம் எப்போது எடுக்கும்?

"ஐயா, இந்த நேரத்தில் இதைப் பேசலாமா? வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கொடுக்கலாமா?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. அவலைக் கொடுத்தது நான் இல்லை, ஐயா. தனித் தூம்பா செய்யத் தச்சனுக்குக் காசு கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். கிறித்தவத்தில் ஏது சாதி என்று சொல்லித்தானே தலித் கிறித்தவரின் சலுகையை மறுக்கிறார்கள்? சலுகை கேட்கும்போது 'எங்களுக்குள்ளும் சாதி இருக்கிறது' என்கிறோம். கல்லறையில் அதையே நடத்திக் காட்டுகிறோம். பிரசங்கத்தில் மட்டும் எல்லோரும் சமம் என்கிறோம். இந்த இரட்டை நாக்கோடு எந்த நீதிமன்றத்தில் ஏறுவது?

கல்வராயன் மலைச் சொந்தங்களே, 1976 வரை ஜாகீர்தார்கள் கைக்குள் கிடந்தது உங்கள் மலை. பக்கத்தில் நிற்க ஆள் இல்லாதவனுக்கு என்ன நேரும் என்று உங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. நாளைக்கு உங்கள் சாதிச் சான்றிதழைப் பிடுங்க வந்தால் இந்தச் சமவெளிக் கிறித்தவன் மலையேறி வர வேண்டும். பக்கத்துத் தெருவில் சாவு விழுந்தால் தோள் கொடுக்காதவன் மலையேறி வருவானா?

ஆகவே தீர்மானமாகச் சொல்கிறேன். வருகிற கல்லறைத் திருநாளுக்குள் இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு பங்குப் பேரவையும் மூன்று கேள்விக்குப் பதில் எழுதிக் கோயில் வாசலில் ஒட்ட வேண்டும். ஒரே தூம்பாவா? ஒரே பாதையா? ஒரே கல்லறையா? 'இல்லை' என்று எழுத வெட்கமாக இருந்தால், எழுதுவதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள். ஊர்ப் பெரியவர்கள் முறைப்பார்கள். வரி வாங்க மாட்டோம், தேர் இழுக்க விடமாட்டோம் என்பார்கள். அப்போதும் நண்பனின் பாடைக்குத் தோள் கொடுங்கள். அதன் பிறகு எல்லோருமாகச் சேர்ந்து கலெக்டர் ஆபீசுக்குப் போவோம், தில்லிக்கும் போவோம்.