பயிர் நோயைத் தெளிவாகப் படம் எடுக்கும் முறை



பயிரில் நோய் கண்டதும் இலையைப் படம் எடுத்து அனுப்பி ஆலோசனை கேட்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. படம் சரியாக அமையாவிட்டால் ஆலோசனையும் தவறக்கூடும். நெல்லில் குலைநோய்ப் புள்ளிகள் கண் வடிவில், நடுவே சாம்பல் நிறத்துடன் காணப்படும். செம்புள்ளி நோயில் அவை எள் வடிவில் பழுப்பாக இருக்கும். மங்கிய படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதில் மஞ்சள் சாயலும் சேர்ந்தால் தழைச்சத்துக் குறைவு என்று கருதவும் இடமுண்டு. அதை நம்பி யூரியா இட்டால் குலைநோய் மேலும் தீவிரமாகும்.

படம் மங்குவதற்கு முக்கியக் காரணங்கள் மூன்று. முதலாவது, லென்சில் படியும் தூசியும் கைரேகையும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தபின் எடுக்கவும். இரண்டாவது, இலையை மிக நெருங்கிப் பிடிப்பது. செல்போனை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, திரையில் புள்ளியின் மீது விரலால் தொட்டு எடுக்கவும். டிஜிட்டல் கேமராவாயின் பூச்சின்னம் உள்ள நிலையில் வைக்கவும். மூன்றாவது, அசைவு. காற்றில் ஆடும் இலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு முழங்கையை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளவும். திரையில் விரலால் பெரிதாக்கி எடுப்பதால் நுணுக்கம் கூடாது.

அடுத்து ஒளி. உச்சி வெயிலில் இலை வெளுத்துத் தோன்றும். உங்கள் நிழல் இலை முழுவதும் விழுமாறு நின்று எடுப்பது நலம். ஈர இலையில் பிளாஷ் ஒளி பளபளக்கும், அதை நிறுத்திவிடவும். மாலை வெயிலும் மின்விளக்கும் மஞ்சள் சாயல் தரும். இலையின் அருகே ஒரு வெள்ளைத்தாளை வைத்து எடுத்தால், தாளின் நிறத்தைக் கொண்டே சாயலை வல்லுநர் கண்டுகொள்வார்.

ஒரு படம் போதாது. தழைச்சத்துக் குறைவு முதலில் முதிர்ந்த அடி இலைகளிலும், இரும்புச்சத்துக் குறைவு இளம் இலைகளிலும் தோன்றும். ஆகவே வயல், முழுச்செடி, பாதித்த இலை என மூன்று படங்கள் அவசியம். வாட்ஸ்அப்பில் படத்தை 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பினால் தெளிவு குறையாது. இரகம், பயிரின் வயது, இட்ட உரம் ஆகியவற்றையும் குறிப்பிடவும்.

அப்படியும் ஐயம் தீராவிடில், மருந்து தெளிக்கும் முன் பாதித்த செடியை வேரோடு எடுத்துச் சென்று வேளாண்மை அலுவலரிடம் காட்டிப் பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.