விஞ்ஞானம் சொன்னதும் அரசு செய்ததும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விஞ்ஞானப் பிரிவில் படித்த பழைய மாணவிகள் சார்பில் கொவிட் காலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். மகிழ்ச்சியான விழாவில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஒரே வாங்கில் இருந்து படித்த இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவப் பிள்ளைகள் நாம். ஆனால் அந்தக் காலத்துக் கட்டுப்பாடுகள் எம் வீடுகளை ஒரே மாதிரித் தொடவில்லை. அதனால்தான் பேசுகிறோம்.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு வந்தது. அந்த மாத இறுதியில் அக்குறணையில் நோயாளி ஒருவர் இனங்காணப்பட்டதும் அந்த ஊர் மூடப்பட்டது. மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. மூச்சுக்காற்றால் பரவும் புதிய நோய் ஒன்றை ஆட்களை விலக்கி வைத்துத்தான் தாமதப்படுத்த முடியும். இதில் விஞ்ஞானம் தெளிவாகவே இருந்தது. கட்டுப்பாடுகளே தேவையில்லை என்று நாம் சொல்ல வரவில்லை.

ஆனால் யாரை வீட்டில் இருத்துவது, யாரை வேலைக்கு அனுப்புவது என்பதை வைரஸ் தீர்மானிப்பதில்லை. ஊரடங்கின்போது தோட்டத் தொழிலுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. நகரத்தவர் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த நாட்களில், தோட்டப் பெண்கள் கொழுந்து பறிக்கப் போனார்கள். லயத்துக் காம்பராக்களில் இடைவெளி பேணுவது எப்படி என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தேயிலை ஏற்றுமதி நாட்டுக்கு வேண்டும் என்பது ஒரு நியாயம்தான். ஆனால் அது அரசின் தீர்மானம். அதை அப்படியே பெயர் சொல்லி அறிவித்திருந்தால், அந்தப் பெண்களின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியையும் கேட்டிருக்கலாம்.

அரசியல் தீர்மானம் விஞ்ஞானத்தின் பெயரைப் போர்த்திக்கொண்டு வந்தால் என்ன நடக்கும் என்பதை ஜனாஸா விடயத்தில் கண்டோம். கொவிட்டால் இறந்தவர்களை அடக்கமும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டல் வெளியிட்டது. இலங்கையிலோ ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி தகனத்தை மட்டுமே கட்டாயமாக்கியது. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமே அதற்கு அதிகாரம் தந்தது. நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்று காரணம் சொல்லப்பட்டது.

வைரஸ் உயிருள்ள கலத்துக்குள் மட்டுமே பெருகும் என்பது உயர்தர உயிரியல் பாடம். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியிலும் பேராதனையிலும் படித்தவர் பேராசிரியர் மலிக் பீரிஸ். 2003இல் சார்ஸ் வைரஸைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர். கொவிட் நீரால் பரவும் நோய் அல்ல என்று அவரும் எடுத்துச் சொன்னார். டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் தகனத்துக்கு எதிரான மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து 20 நாளேயான பச்சைக் குழந்தை ஒன்றின் உடலும், பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். இனம், மதம் பார்க்காமல் கட்டினார்கள். அடக்கம் செய்வது முஸ்லிம்களின் வழக்கம் மட்டுமல்லவே. கிறிஸ்தவர்களும் தோட்டப்புறத்து இந்துக்கள் பலரும் அடக்கமே செய்கிறார்கள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் சுகாதார அமைச்சு நியமித்த நிபுணர் குழுவே இரு முறைகளையும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆனாலும் வர்த்தமானி மாறியது 2021 பெப்ரவரி 25ஆம் திகதிதான். மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. சொந்த ஊர் மையவாடியில் அடக்க முடியாத கண்டிக் குடும்பங்கள், மலையிறங்கிக் கிழக்குக்குப் போக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. மன்னிப்பு நல்லதுதான். எரித்த சாம்பலுக்கு அது எட்டாது.

சகோதரிகளே, நாட்டை ஆள்பவர்கள் தீர்மானம் எடுக்கத்தான் வேண்டும். விஞ்ஞானி ஆபத்தை அளந்து சொல்லலாம். அந்தச் சுமையை எந்தத் தோளில் ஏற்றுவது என்பது ஆட்சியின் வேலை. இரண்டையும் பிரித்தறியும் பழக்கம் மக்களுக்கு வேண்டும். இன்னொரு நோய் வரும்போது மூன்று கேள்விகளை எம் பிள்ளைகள் கேட்கப் பழகட்டும். இதற்கு ஆதாரம் என்ன? இதன் பாரத்தைச் சுமப்பவர் யார்? புதிய தகவல் வந்தால் இதை மாற்றுவது யார், எப்போது?

எம்மில் ஆசிரியைகள் இருக்கிறார்கள், வைத்தியர்கள், தாதியர், சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். வகுப்பில் இந்த மூன்று கேள்விகளையும் சொல்லிக் கொடுங்கள். அதிகாரிகள் கூடும் மேசையில் உங்களுக்கு இடம் கிடைத்தால், அங்கும் கேளுங்கள். பக்கத்து வாங்கில் இருந்தவளின் துக்கம் எம் துக்கம்தான் என்று இந்தக் கல்லூரி எமக்குப் பழக்கியிருக்கிறது. அடுத்த நூறு ஆண்டுக்கும் அந்தப் பழக்கம் நிலைக்கட்டும்.