வேலை போன மறுநாள்

பனியன் கம்பெனித் தோழர்களே, தாய்மார்களே!

வேலை போனவருக்குப் பணம் தருவதெல்லாம் வெளிநாட்டில்தான் என்று நினைக்கிறோம். இல்லை. இங்கேயும் உண்டு. நம் சம்பளத்தில் பிடித்த காசிலிருந்தே உண்டு.

மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். நூற்றுக்கு முக்கால் ரூபாய் நம்முடையது, மூன்றேகால் ரூபாய் முதலாளியுடையது. அது மருந்து மாத்திரைக்கு மட்டுமல்ல. 2018-ல் வந்த அடல் திட்டப்படி, வேலை இழந்தவருக்குச் சராசரி தினக்கூலியில் கால் பங்கு தந்தார்கள். கொரோனா வந்த 2020-ல் அதைப் பாதியாக்கினார்கள். வாழ்நாளில் ஒரு தடவை, 90 நாள் வரை. தினக்கூலி சராசரி 500 என்றால் 22,500 ரூபாய்! மூன்று மாத வீட்டு வாடகைக்குக் கை நீட்டாமல் இருக்கலாமே, அம்மா!

யாருக்குக் கிடைக்கும்? இரண்டு வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று வருடத்தை இரண்டாகப் பிரித்து சந்தா கணக்குப் பார்க்கிறார்கள். வேலை போவதற்கு முந்தைய அரையாண்டில் 78 நாள் சந்தா ஏறியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று அரையாண்டுகளில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வில் போனவருக்கும் கிடையாது. அதனால்தான் கையெடுத்துக் கேட்கிறேன்: “நானாகவே நின்றுகொள்கிறேன்” என்று எழுதிய தாளை நீட்டினால், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதில் என் நெஞ்சை அறுப்பது பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற நம் பெண்களின் நிலை. காண்டிராக்டர் வாரக்கூலியை எண்ணிக் கையில் கொடுத்துவிடுகிறார். பதிவேட்டில் பெயர் இல்லை, சந்தா இல்லை. பத்து வருடம் பவர் டேபிளில் முதுகு ஒடியத் தைத்தவள், சட்டத்தின் கண்ணில் ஒரு நாள்கூட வேலை பார்க்காதவள். இது அநியாயம். வேலையில் இருந்ததையே ஒப்புக்கொள்ளாதவர்கள், வேலை போனதை எப்படி ஒப்புக்கொள்வார்கள்?

படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற பிள்ளைகளுக்கு மாநில அரசின் உதவித்தொகை இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தால், பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்று வருடத்துக்கு. பொறியியல் முடித்தவருக்குக் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு வருடப் பதிவு போதும், வருமான வரம்பும் இல்லை. மற்றவர்களுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-ஐத் தாண்டக் கூடாது. கணக்குப் போடுங்கள். அப்பா ஒருவர் தினம் 200 ரூபாய் வீதம், தீபாவளி பொங்கலுக்கும் லீவு போடாமல் உழைத்தால் 73,000 ரூபாய். மகளுக்கு உதவித்தொகை இல்லை! இருநூறு ரூபாய்க் கூலிக்காரனை வசதியானவன் என்று சொல்கிற வரம்பை உயர்த்தியே ஆக வேண்டும். தவணை வைத்து நீட்டிக்கொண்டே போகும் அடல் திட்டத்தையும் நிரந்தரமாக்க வேண்டும். இந்த இரண்டும் இன்றைய கூட்டத்தின் தீர்மானங்கள்.

மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டிருக்கிறோம். உங்கள் இ.எஸ்.ஐ. எண்ணைச் சொன்னால், எத்தனை நாள் சந்தா ஏறியிருக்கிறது என்று செல்போனிலேயே பார்த்துச் சொல்வார்கள். எண்ணே இல்லாதவர்கள் முதலில் வரிசைக்கு வாருங்கள்.