கந்தையும் கரையும்



கந்தை என்ற சொல்லை நாம் இரக்கத்தோடேயே உச்சரிக்கிறோம். வங்காளத்திலோ அதன் உறவுச் சொல்லான ‘காந்தா’ ஒரு கலையின் பெயர். இரண்டையும் வடமொழியின் ‘கந்தா’வோடு இணைத்துக் காட்டுவர். ஒட்டுத் துணி என்பதே அதன் பொருள்.

நைந்த வெள்ளைச் சேலைகளையும் வேட்டிகளையும் சில அடுக்குகளாக விரித்து, ஓட்டுத் தையலால் இணைத்துப் போர்வையாக்குவர் வங்கக் கிராமத்துப் பெண்கள். நடுவே தாமரை. சுற்றிவரக் கரை. சேலைக்கரைகளிலிருந்து சிவப்பு, நீலம், கறுப்பு நூல்களை உருவியெடுத்தே அக்காலத்தில் பூவேலை செய்தனர். சேலை கந்தையானாலும் அதன் கரை வீணாகவில்லை. கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைக்காவியத்தின் நாயகி, தன் வாழ்வையே இத்தகைய போர்வையொன்றில் தைத்துவைக்கிறாள். அதனைத் தன் புதைகுழிமேல் விரிக்குமாறு வேண்டி இறக்கிறாள். கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் திரட்டிய காந்தாக்களை இன்று பிலடெல்பியா நூதனசாலையிற் காணலாம். அவற்றைத் தைத்த பெண்களில் மிகப் பலரின் பெயர் எவருக்கும் தெரியாது.

இவையெல்லாம் எனக்கு ஏட்டறிவாகவே இருந்திருக்கும், என் தமக்கையார் ஊசி எடுத்திராவிட்டால். தந்தையார் காலமான பின்னர் எங்கள் தாயார் உடுத்திய வெள்ளைச் சேலைகளை அடுக்கி, வெளிநாட்டிலுள்ள பேர்த்திக்கென ஒரு போர்வை தைக்கிறார். நீளம் இரண்டு மீற்றர், அகலம் ஒன்றரை. உடல் முழுதும் வெள்ளை. கரைக்கு எதை வைப்பது?

கடையிற் புதுத்துணி வாங்கலாம் என்றார் அயலவர் ஒருவர். புதுப் பருத்தி முதற் சலவையில் சுருங்கும். பழந்துணி சுருங்கவேண்டிய அளவு எப்போதோ சுருங்கிவிட்டது. இரண்டையும் இணைத்தால் கரை இழுக்க, உடல் கிழியும். தாயாரின் கூறைச் சேலை பெட்டியில் இருக்கிறது. அரக்குச் சிவப்பு, சரிகைக்கரை. வெள்ளையைச் சுற்றி அந்தச் சிவப்பை வைத்துப் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை. ஒரு பெண்ணுக்கு மறுக்கப்பட்ட நிறத்தை அவளுடைய துணிக்கே திருப்பிக் கொடுப்பதுபோல் இருந்தது. ஆனாற் சரிகை பாரம். குழந்தை போர்த்துவது அடிக்கடி தோய்க்கப்படும். பட்டு அதைத் தாங்காது.

மூன்றாவது, தந்தையார் இருந்த நாளில் அவர் அன்றாடம் உடுத்திய நீலக்கரைக் கைத்தறிச் சேலை. அதுவும் பருத்தி, அதுவும் பழையது. எனக்கு அதுவே பொருத்தம் என்று பட்டது. கலியாண நாள் ஒரு நாள்தானே! தமக்கையாரும் இசைந்தார்.

கரையை வெட்டுமுன் அவர் போர்வையின் நடுவால் அளந்தார். தைத்துத் தைத்து விளிம்பு நெகிழ்ந்திருக்குமாம். அதைப் பார்த்து வெட்டினாற் கரை அலையலையாக நிற்குமாம்.

கீழ்க்கரை நிலத்தில் உரசி நைந்துபோயிருந்தது. இடுப்பிற் செருகிய மேற்கரை மட்டுமே தேறியது. அது ஐந்தரை மீற்றர். மூன்று பக்கங்களுக்கு அப்படியே சரியாகிவிட்டது. நான்காம் பக்கத்துக்கு ஒன்றரை மீற்றர் வேண்டும். கூறையில் அந்த அளவு மட்டும் வெட்டலாமா என்று தமக்கையார் கேட்கிறார். பாரம், சலவை என்று நான் திரும்பவும் சொல்கிறேன். கத்தரிக்கோல் இன்னமும் பெட்டியின் மேலேதான் கிடக்கிறது.