மானிட்டர்: கடலடியில் ஓர் இரும்புக் கப்பல்



1862 மார்ச் 9. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம். ஹாம்ப்டன் ரோட்ஸ் என்ற கழிமுகத்தில் இரண்டு இரும்புக் கவசக் கப்பல்கள் சுமார் நான்கு மணி நேரம் ஒன்றையொன்று குண்டுகளால் அடித்துக்கொண்டன. தெற்கத்தியரின் கப்பல் வர்ஜீனியா; வடக்கத்தியரின் கப்பல் மானிட்டர். இரண்டுமே மூழ்கவில்லை. ஆனால் மரப் போர்க்கப்பல்களுக்கு இனி எதிர்காலம் இல்லை என்பது அன்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

மானிட்டரை வடிவமைத்தவர் சுவீடனில் பிறந்த ஜான் எரிக்சன். நீர்மட்டத்தை ஒட்டிய தட்டையான தளம், அதன்மேல் சுழலும் இரும்புக் கூண்டு, உள்ளே இரண்டு பீரங்கிகள். குறி பார்க்கக் கப்பலைத் திருப்ப வேண்டாம், கூண்டைத் திருப்பினால் போதும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அந்தத் தட்டைத் தளம் பெருங்கடலின் அலைக்கு ஆகாது. அதே ஆண்டு டிசம்பர் 31 அதிகாலை, ஹட்டராஸ் முனைக்கு அப்பால் புயலில் கப்பல் மூழ்கியது. 16 பேர் மாண்டார்கள்.

1973இல் கண்டுபிடித்தபோது, சுமார் 230 அடி ஆழத்தில் தலைகீழாகக் கிடந்தது. 1975இல் அமெரிக்கா தன் முதல் தேசியக் கடல் சரணாலயத்தை அறிவித்தது. பவளப்பாறைக்காக அல்ல, திமிங்கிலத்துக்காகவும் அல்ல, இந்த உடைந்த கப்பலுக்காக!

இருந்த இடத்திலேயே விட்டுவிடலாமே என்பீர்கள். கடலடி மரபுச் சின்னங்கள் பற்றிய 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையும் முதலில் அதைத்தான் பரிசீலிக்கச் சொல்கிறது. ஆனால் மானிட்டரின் இரும்பை உப்புநீர் வேகமாக அரித்துக்கொண்டிருந்தது. அதனால் 2002 ஆகஸ்டில் சுமார் 120 டன் எடையுள்ள கூண்டை மேலே தூக்கினார்கள். வர்ஜீனியாவின் குண்டுகள் பட்ட பள்ளங்கள் அதில் அப்படியே இருந்தன. உள்ளே படிந்த சேற்றில் இரண்டு மாலுமிகளின் எலும்புக்கூடுகள். அவர்கள் யாரென்று உறுதி செய்ய முடியாமலே, 2013இல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

கரைக்கு வந்தால் பிழைத்தது என்று நினைக்க வேண்டாம். உண்மையான ஆபத்து அங்கேதான். நூற்றாண்டுக்கு மேல் கடலில் ஊறிய இரும்பு காய்ந்தால், உள்ளே புகுந்த உப்பு படிகமாகி, இரும்பு ஏடு ஏடாக உரிந்துவிடும். அதனால் நியூபோர்ட் நியூஸ் நகரின் மரைனர்ஸ் அருங்காட்சியகத்தில் கூண்டைத் தொட்டிக் கரைசலில் மூழ்கவைத்து, மெல்லிய மின்சாரம் செலுத்தி, உப்பை வெளியேற்றும் வேலை தொடங்கியது. இது பல ஆண்டுகள் பிடிக்கும் வேலை. தூக்க ஆன சில வாரங்களை நினைத்தால், காப்பதுதான் பெரும்பாடு.

கப்பலின் உடல் இன்றும் கடலடியில்தான் இருக்கிறது. அனுமதி பெறாமல் அங்கே முக்குளிக்கக் கூடாது, நங்கூரம் போடக் கூடாது, ஓர் ஆணியைக்கூட எடுத்து வரக் கூடாது.