எப்போதோ தோன்றும் கோளாறு

காலடிப்பேட்டை என்னும் பெயரில் எவருடைய காலடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்க்கென அமைத்த ஊர் அது. காலெட் பேட்டை என்பதே நாளடைவில் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. செவிக்கு இசைந்த விளக்கம் ஒன்று. உண்மைக் காரணம் மற்றொன்று. கணிப்பொறிக் கோளாறுகளை ஆராய்வோர்க்கும் இப்பாடம் பொருந்தும்.

அவ்வூர்ப் பட்டறை ஒன்றில் தொழிலாளரின் மிகைநேரக் கணக்கு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் தரவுத்தளத்தில் இருந்தது. மாத இறுதியில் அறிக்கையைத் திறந்தால் சில வேளை செவ்வனே திறக்கும். சில வேளை நிரலே நின்றுவிடும். அறிக்கை வாராவிடில் கூலியும் வாராது. வெப்பம் என்றார் ஒருவர். மின்சாரம் என்றார் மற்றொருவர். என்னை அழைத்தனர்.

முதலில் கோப்பின் நகலொன்றை எடுத்து வைத்தேன். பின்னர் ஒரு குறிப்பேட்டில் நாள், நேரம், எந்தக் கணிப்பொறி, எந்த அறிக்கை, அவ்வேளை வேறு எவை இயங்கின என்பவற்றை எழுதச் சொன்னேன். திறந்த வேளைகளையும் தவறாது எழுதச் செய்தேன். தவறிய வேளைகளை மட்டும் நோக்கின் ஒப்பிட ஏதும் இராதன்றோ?

குறிப்பேடு வழி காட்டியது. வலையமைப்பிலுள்ள அச்சுப்பொறி அணைந்திருந்த வேளைகளில்தான், அதுவும் ஒரே கணிப்பொறியில்தான், நிரல் நின்றது. அறிக்கை திரையில் தோன்றினும் தாளுக்கென வகுக்கப்படுவது. தாளின் அளவு, ஓரம் ஆகியவற்றை அறிய நிரல் அச்சுப்பொறியின் இயக்கி மென்பொருளை நாடுகிறது. அவ்வியக்கி பழுதாயின் அறிக்கையும் வீழும். வேறு அச்சுப்பொறியை இயல்பானதாக அமைத்தேன், அறிக்கை திறந்தது. பழையபடி மாற்றினேன், நின்றது. இருவழியும் சோதித்த பின்னரே காரணம் இதுவெனத் துணிந்தேன். இயக்கியைப் புதிதாக நிறுவியதும் குறை தீர்ந்தது. அப்போதும் தீராதிருந்தால், நகலில் கோப்பைச் சுருக்கிச் சீர்செய்தல், அறிக்கையைப் புதிய கோப்புக்கு மாற்றுதல் என ஒவ்வொன்றாகச் செய்திருப்பேன். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது மருந்தென்று அறிய இயலாது.

இது சிறு செய்தியன்று. தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவப் பொறி 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவுமீறிய கதிரைச் செலுத்தியது, உயிர்களும் போயின. 1986இல் டெக்சாசிலுள்ள டைலர் நகரில் விபத்து நேர்ந்தபோது, உற்பத்தியாளரின் பொறியாளர்களால் அப்பிழையை மீண்டும் தோற்றுவிக்க முடியவில்லை. அடுத்த மாதமே அங்கு இரண்டாவது விபத்து நேர்ந்தது. பின்னர் அம்மருத்துவமனையின் இயற்பியலாளரும் பொறியை இயக்கியவரும் பலமுறை முயன்று உண்மையைக் கண்டனர்: அளவுகளை விரைந்து திருத்தினால் மட்டுமே பிழை தோன்றியது.

எப்போதோ தோன்றும் கோளாறுக்கும் நிபந்தனை உண்டு. "இப்போது சரியாகத்தானே இருக்கிறது" என்று எழுந்து செல்லாதீர்கள். குறிப்பெழுதுங்கள், ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பிழையை நீங்களே வரவழைக்கும் வரை, அதனை அறிந்ததாகக் கொள்ளாதீர்கள்.